கறுப்பு ஏயோனியம் - கோடையில் தூங்கும் செடியின் வரலாறு

ஒரு தொட்டிச் செடி. குட்டி மரம் போல நேராக எழும் தண்டு. அதன் உச்சியில், பெரிய ரோஜாப் பூவைப் போல வட்டமாக அடுக்கி வைத்த இலைகள். நிறம் பச்சை இல்லை. கறுப்புக்கு மிக நெருங்கிய அடர் ஊதா. முதல் முறை பார்ப்பவர்கள் பிளாஸ்டிக் செடியோ என்று சந்தேகப்பட்டு இலையை நகத்தால் கிள்ளிப் பார்ப்பதும் உண்டு!

இந்தச் செடியின் பெயர் ஏயோனியம் ஆர்போரியம். கறுப்பு இலை கொண்ட வகைக்கு 'ஸ்வார்ட்காப்' என்று பெயர். உலகம் முழுக்க சன்னலோரங்களிலும் மொட்டை மாடிகளிலும் வளர்க்கப்படும் சதைப்பற்றுச் செடி இது. அதேபோல, ஆசையாக வாங்கி வந்தவர்களின் கையாலேயே அதிகம் சாகும் செடிகளிலும் இது ஒன்று.

எப்படிச் சாகிறது? குளிர்காலம் முழுக்க நன்றாக இருக்கும். கோடை வந்ததும் கீழ் இலைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து உதிரும். மேல் இலைகள் குவிந்து சுருங்கும். "பாவம், தாகம்" என்று தண்ணீர் ஊற்றுவார்கள். இன்னும் உதிரும். இன்னும் ஊற்றுவார்கள். சில நாட்களில் தண்டின் அடிப்பகுதி கூழாகிச் செடி சாய்ந்துவிடும். உண்மையில் அந்தச் செடி தாகத்தில் இல்லை, தூக்கத்தில் இருந்தது.

கோடையில் ஒரு செடி ஏன் தூங்க வேண்டும்? அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

சாகாத செடி

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடீஸ். மருந்துப் பொருட்களைப் பற்றி அவர் எழுதிய நூல் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவிலும் அரபு உலகிலும் பாடநூலாக இருந்தது. அதில் 'ஏயிஸூன்' என்ற பெயரில் சில செடிகள் வருகின்றன. 'எப்போதும் உயிரோடு இருப்பது' என்பது இதன் பொருள். இவற்றில் 'பெரிய ஏயிஸூன்' என்று அவர் சொன்னது இன்றைய ஏயோனியம் ஆர்போரியம்தான் என்று பல தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள்.

அந்தப் பெயர் வந்த காரணம் எளிது. பறித்துப் போட்டாலும் வாடாது. மண்ணே இல்லாத பாறை இடுக்கிலும் பச்சையாக இருக்கும். இதன் நெருங்கிய உறவுச் செடிக்கு ரோமானியர்கள் இட்ட 'செம்பர்விவம்' என்ற பெயருக்கும் லத்தீனில் இதே பொருள்தான். கூரையில் வளரும் அந்தச் செம்பர்விவம் வீட்டை இடியிலிருந்து காக்கும் என்று ஐரோப்பியர்கள் நம்பினார்கள். பேரரசர் சார்லமேன் காலத்தில், சுமார் கி.பி. 800இல் எழுதப்பட்ட அரசுத் தோட்டங்களுக்கான ஆணை ஒன்று உண்டு. தோட்டக்காரன் தன் வீட்டுக் கூரை மேல் இந்தச் செடியை வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது!

1753இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டிய தமது நூலில் இந்தச் செடியையும் சேர்த்தார். அவர் கொடுத்த பெயர் 'செம்பர்விவம் ஆர்போரியம்', அதாவது மரம் போன்ற சாகாத செடி. அவருக்குத் தெரிந்தவரை இது தென் ஐரோப்பாவின் செடி. கிரேக்கத் தீவுகளிலும் போர்த்துகலிலும் சுவர்கள் மேல் வளர்ந்து கொண்டிருந்ததால் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தச் செடிகள் மனிதர்களோடு வந்து அங்கே குடியேறியவை. அதன் சொந்த ஊர் வேறு.

சொந்த ஊர்

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக் கடலில் தொடங்குகிறது கேனரி தீவுக் கூட்டம். ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமானது. எல்லாமே எரிமலைத் தீவுகள். அவற்றில் ஒன்றான டெனெரீஃபில் நிற்கும் டெய்டே எரிமலையின் உயரம் 3,700 மீட்டருக்கு மேல். உலகில் உள்ள சுமார் 35 ஏயோனியம் இனங்களில் பெரும்பாலானவை இந்தத் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளர்கின்றன. மீதி சில மடெய்ரா, கேப் வெர்டே தீவுகளிலும், மொராக்கோவிலும், கிழக்கு ஆப்பிரிக்காவிலும் உள்ளன.

தீவு மக்கள் இவற்றை 'பெஹேகே' என்று அழைக்கிறார்கள். அவர்களுக்கு இவை அழகுச் செடிகள் மட்டுமல்ல. அங்கே வளரும் கள்ளி இனங்களின் பால் கண்ணிலோ தோலிலோ பட்டால் தாங்க முடியாத எரிச்சல் வரும். அதற்கு மருந்தாக ஏயோனியம் லிண்ட்லேயி என்ற சிறிய இனத்தின் சாற்றைத் தடவுவது அங்குள்ள பழைய வழக்கம். நஞ்சும் மருந்தும் ஒரே பாறையில்!

வெளியுலகத் தாவரவியலாளர்கள் இந்தச் செடிகளைத் தேடி வரத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்துதான். 1815இல் நார்வே நாட்டின் கிறிஸ்டன் ஸ்மித், ஜெர்மானிய நிலவியல் அறிஞர் லியோபோல்ட் ஃபான் பூஹ் உடன் வந்து தீவுகளைச் சுற்றினார். அடுத்த ஆண்டே காங்கோ ஆற்றை ஆராயச் சென்ற ஆங்கிலேயக் குழுவில் சேர்ந்து, அங்கே காய்ச்சலில் இறந்து போனார். அப்போது அவருக்கு வயது முப்பதைச் சுற்றித்தான். ஏயோனியம் ஸ்மித்தி என்ற இனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1828இல் பிலிப் பார்க்கர் வெப் என்ற வசதியான ஆங்கிலேயர் பிரேசிலுக்குப் போகும் வழியில் டெனெரீஃபில் இறங்கினார். அங்கே சபின் பெர்த்தலோ என்ற பிரெஞ்சுக்காரரைச் சந்தித்தார். பெர்த்தலோ பல ஆண்டுகளாகத் தீவில் வாழ்ந்து வந்தவர். ஒரோட்டாவா நகரின் தாவரப் பூங்காவையும் சிறிது காலம் கவனித்து வந்தவர். வெப் பிரேசில் பயணத்தையே மறந்துவிட்டார். இருவரும் சேர்ந்து தீவு தீவாக அலைந்து செடி, பறவை, மீன், பாறை என்று எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். அதன் விளைவுதான் 1836 முதல் 1850 வரை பாரிஸில் பகுதி பகுதியாக வெளிவந்த கேனரி தீவுகளின் இயற்கை வரலாறு.

அந்த நூலில்தான் ஏயோனியம் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது. 'என்றும் உள்ளது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது. பழைய 'சாகாத' அடைமொழியை அவர்களும் விடவில்லை. ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஏயோனியத்தின் இலையடுக்கு ஒரே ஒரு முறைதான் பூக்கும். கூம்பு வடிவில் மஞ்சள் பூங்கொத்தை உயர்த்தி, பூத்து முடிந்ததும் அந்த இலையடுக்கு செத்துவிடும். கிளை இல்லாத இனங்களில் அதோடு செடியே முடிந்தது. ஆர்போரியம் போலக் கிளைக்கும் இனங்களில் மற்றக் கிளைகள் தொடர்ந்து வாழும். சாகாத செடி என்று பெயர் வைத்தவர்கள் பூத்து முடியும் வரை காத்திருக்கவில்லை போலும்!

தீவின் நாட்காட்டி

கேனரி தீவுகளில் மழை பெரும்பாலும் இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை பெய்யும். கோடை வறண்டது. வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று கடல் ஈரத்தைக் கொண்டு வந்து, உயரமான தீவுகளின் வடக்குச் சரிவில் மேகமாகக் கட்டி நிறுத்தும். தெற்குச் சரிவு பாலைவனம் போலக் காயும். ஒரே தீவில் மேகக் காடும் உண்டு, காய்ந்த பாறையும் உண்டு.

இத்தனை வகை இடங்களுக்கும் ஏற்றபடி ஏயோனியம் மாறியது. பாறையோடு ஒட்டித் தட்டு போலப் படரும் இனம், ஆள் இடுப்புக்கு வளரும் புதர், நிழலில் வாழும் சிறு செடி என்று ஒரு குடும்பமே உருவானது. அயர்லாந்து நாட்டுத் தாவரவியலாளர் ராபர்ட் லாய்ட் பிரேகர் தீவுகளுக்கு நேரில் போய் ஆராய்ந்து, 1932இல் இந்தச் செடிக் கூட்டம் முழுவதையும் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அருகருகே வளரும் இனங்கள் எவ்வளவு எளிதாக ஒன்றோடொன்று கலந்து கலப்பினம் தருகின்றன என்பதை அவர் விரிவாகக் காட்டினார். 1990களுக்குப் பிறகு வந்த டி.என்.ஏ. ஆய்வுகள் இந்த இனங்கள் எல்லாம் ஒரு பொது மூதாதையிலிருந்து குறுகிய காலத்தில் பிரிந்தவை என்று உறுதி செய்தன. கலபாகஸ் தீவுகளின் குருவிகளுக்கு நடந்ததேதான் இந்தச் செடிகளுக்கும் நடந்தது.

வடிவம் எத்தனை மாறினாலும் ஒன்று மட்டும் பெரிதாக மாறவில்லை. அது நாட்காட்டி. மழைக்காலத்தில் வளர், கோடையில் மூடிக்கொள். கீழ் இலைகளைக் கைவிட்டு, மேல் இலைகளைக் குவித்து, நீர் இழப்பைக் குறைத்துக்கொண்டு அடுத்த மழைக்குக் காத்திரு. செடியை எடுத்துக்கொண்டு போனவர்கள் அதைத் தொட்டிக்கு மாற்றினார்கள். இந்த நாட்காட்டியை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை.

காலையில் புளிப்பு, மாலையில் கசப்பு

இந்தச் செடி நீரைச் சேமிக்கும் விதத்தைப் புரிந்துகொண்ட கதையில் தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஒருவர் வருகிறார். ஏயோனியம் 'கிராசுலேசி' என்ற தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊரில் 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்று அழைக்கப்படும் ரணகள்ளியும் இதே குடும்பம்தான்.

ஜெர்மனியிலிருந்து மொராவிய சபையின் ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர் பெஞ்சமின் ஹெய்ன். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து சென்னை மாகாணத்தின் தாவரவியலாளராகப் பணியாற்றினார். 1819இல் சென்னையிலேயே இறந்தார். அவர் ரணகள்ளி இலையைக் கடித்துப் பார்த்தபோது ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். காலையில் இலை புளித்தது. பகலில் ஏறக்குறைய சுவையே இல்லை. மாலையில் லேசான கசப்பு. இதை 1813இல் ஒரு கடிதமாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் 1815ஆம் ஆண்டு தொகுதியில் அது அச்சானது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுக்கின்றன. அப்போது நீரும் ஆவியாகிப் போகிறது. ரணகள்ளி போன்ற செடிகள் இரவின் குளிர்ச்சியில் துளைகளைத் திறந்து வாயுவை எடுத்து, மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கின்றன. அதனால்தான் காலையில் புளிப்பு! பகலில் கதவை மூடிக்கொண்டு, அந்த அமிலத்தைச் செலவழித்து உணவு தயாரிக்கின்றன. இந்த முறைக்கு இந்தக் குடும்பத்தின் பெயரையே வைத்து 'கிராசுலேசிய அமில வளர்சிதை மாற்றம்' என்று இன்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. ஏயோனியம் இனங்களும் இந்த முறையைப் பயன்படுத்துகின்றன. காய்ந்த இடத்தில் வாழும் இனங்கள் அதிகமாக, ஈரமான நிழலில் வாழ்பவை குறைவாக.

கறுப்பு எப்படி வந்தது?

காட்டில் வளரும் ஏயோனியம் ஆர்போரியம் பச்சை நிறம்தான். சிலவற்றில் இலை ஓரத்தில் சிவப்புச் சாயல் இருக்கும். கோமேரா தீவில் வளரும் வகையில் இலை மேல் சிவப்புக் கோடுகளும் உண்டு. இலை முழுக்க ஊதாவாக மாறிய செடி ஒன்றை யாரோ ஒரு தோட்டக்காரர் பார்த்துத் தனியாக எடுத்து வளர்த்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தோட்டங்களில் அது 'அட்ரோபர்ப்யூரியம்', அதாவது கருஊதா என்ற பெயரில் பரவியது.

அதைவிடக் கறுப்பான 'ஸ்வார்ட்காப்' இருபதாம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் இருந்து பரவியது. டச்சு மொழியில் 'கறுந்தலை' என்று பொருள். ஜெர்மானியர்கள் இதைத் தங்கள் மொழியில் மாற்றி 'ஷ்வார்ட்ஸ்காப்ஃப்' என்று எழுத, இரண்டு பெயரும் இன்றுவரை நர்சரிகளில் புழங்குகின்றன. பயிர்வகைப் பெயர்களை மொழிபெயர்க்கக் கூடாது என்பது சர்வதேச விதி. எனவே டச்சுப் பெயரே சரியானது.

நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல் பழத்திலும் கத்தரிக்காய்த் தோலிலும் இருக்கும் அதே வகை நிறமிதான். 1835இல் ஜெர்மானிய மருந்தியலாளர் லுட்விக் மார்க்வார்ட் இந்தப் பெயரை உருவாக்கினார். பச்சையத்தின் மேல் இந்த ஊதா அடர்த்தியாகப் படியும்போது கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிறது. கடும் வெயிலிலிருந்து இலையைக் காக்கும் திரை போல இது வேலை செய்வதாகக் கருதப்படுகிறது. வெயில் குறைந்தால் திரையும் குறையும். நிழலில் வைத்த 'ஸ்வார்ட்காப்' பச்சைக்குத் திரும்பிவிடுவது அதனால்தான். நல்ல வெயிலிலும் இலையடுக்கின் நடுப்பகுதி மட்டும் பச்சையாக இருக்கும். அது நோய் இல்லை, இளம் இலைகளின் நிறம்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜாக் கேட்லின் இந்தக் கறுந்தலையை மற்ற இனங்களோடு கலந்து 'சைக்ளாப்ஸ்', 'வூடூ' போன்ற பெரிய, கருஞ்சிவப்பான புதிய வகைகளை உருவாக்கினார். இன்று சந்தையில் கிடைக்கும் இருண்ட ஏயோனியங்கள் பலவற்றில் 'ஸ்வார்ட்காப்' ரத்தம் ஓடுகிறது எனலாம்.

கையிலிருந்து கைக்கு

'ஸ்வார்ட்காப்' விதையிலிருந்து அப்படியே வராது. விதைத்தால் பிறக்கும் செடி பச்சையாகவும் இருக்கலாம், அரைகுறை ஊதாவாகவும் இருக்கலாம். தண்டை வெட்டி நட்டால் மட்டுமே அதே கறுப்பு கிடைக்கும். அப்படியென்றால் உலகில் உள்ள எல்லா உண்மையான 'ஸ்வார்ட்காப்' செடிகளும் ஒரே செடியின் துண்டுகள்! லண்டன் சன்னலில் இருப்பதும் கலிபோர்னியா தோட்டத்தில் இருப்பதும் ஒரே உடல். காட்டில் அதற்கு இடம் இல்லை. மனிதர்கள் வெட்டி, நட்டு, பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதை நிறுத்தினால் அது இல்லாமலே போய்விடும்.

இப்படிக் கொடுத்து வாங்குவதன் மதிப்பை இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள சில்லி தீவுகள் காட்டின. அங்குள்ள டிரெஸ்கோ தீவில் 1834இல் குத்தகைக்கு வந்த அகஸ்டஸ் ஸ்மித், இடிந்த பழைய மடாலயம் ஒன்றைச் சுற்றித் தோட்டம் அமைத்தார். கடல் நீரோட்டத்தால் அங்கே உறைபனி அபூர்வம். அதனால் கேனரி தீவு ஏயோனியங்கள் சுவர் மேலும் படிக்கட்டு ஓரத்திலும் சொந்த ஊர் போல வளர்ந்தன. 1987 சனவரியில் எதிர்பாராத பனி விழுந்து கடும் குளிர் தாக்கியது. தோட்டத்தின் மென்மையான செடிகளில் பெரும்பகுதி அழிந்தது. மீண்டு எழும் நேரத்தில் 1990 சனவரியில் பெரும் புயல் வந்து காற்றுத் தடுப்பு மரங்களைச் சாய்த்தது. மற்றத் தோட்டங்கள் கொடுத்த செடிகளோடு அது திரும்பவும் நடப்பட்டது. இன்றும் அங்கே ஏயோனியங்கள் வளர்கின்றன. ஓரிடத்தில் அழிந்தது வேறிடத்தில் இருந்தால்தானே திரும்பி வர முடியும்!

வளர்க்கும் முறை

வரலாறு தெரிந்தபின் பராமரிப்பு எளிது.

*தண்ணீர்:* குளிர்ந்த மாதங்களில், மேல்மண் காய்ந்ததும் நன்றாக ஊற்றவும். கோடையில் இலை குவிந்ததும் நிறுத்திக்கொள்ளவும். தண்டு சுருங்காமல் இருக்க மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை சிறிதளவு போதும். இலை உதிர்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

*மண்:* தண்ணீர் தேங்காத கலவை வேண்டும். பாதி மக்கிய உரம், பாதி கரடான மணலோ பெர்லைட்டோ சரியாக இருக்கும். தொட்டிக்கு அடியில் ஓட்டை கட்டாயம்.

*வெயில்:* கறுப்பு வேண்டுமென்றால் தினமும் சில மணி நேரம் நேரடி வெயில் தேவை. ஆனால் உச்சிக் கோடையின் பிற்பகல் வெயிலில் இலை கருகும். அப்போது லேசான நிழல் நல்லது.

*குளிர்:* உறைபனி ஆகாது. 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

*புதுச் செடி:* ஒரு சாண் நீளத்துக்கு உச்சியோடு தண்டை வெட்டவும். நிழலில் சில நாட்கள் வைத்து வெட்டுவாய் காய்ந்தபின் நடவும். சில வாரங்களில் வேர் பிடிக்கும். கோடை முடிந்து குளிர் தொடங்கும் நேரம் இதற்கு ஏற்றது. ரணகள்ளியைப் போலத் தனி இலையிலிருந்து குட்டி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், பெரும்பாலும் வராது. வெட்டிய அடித்தண்டைத் தூக்கி எறியவும் வேண்டாம். அதில் பக்கத்தில் பல தலைகள் முளைக்கும்.

*பூச்சி:* இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி வரும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும்.

தமிழ்நாட்டுச் சமவெளிகளில் கோடை நீளம், இரவும் புழுக்கம். எனவே செடியின் தூக்கமும் நீளும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களின் குளிர்ச்சி இதற்கு ஏற்றது. ஆனால் மழை மாதங்களில் மேலே ஒரு கூரை வேண்டும்.

முடிவாக

கிரேக்க மருத்துவர் இதைச் சாகாதது என்றார். தாவரவியலாளர்கள் என்றும் உள்ளது என்றார்கள். உண்மையில் இந்தக் கறுப்புச் செடி தானாக நிலைப்பது இல்லை. யாரோ ஒருவர் நிறத்தைக் கவனித்தார், வெட்டி நட்டார், இன்னொருவருக்குக் கொடுத்தார். அதனால் இன்று இருக்கிறது.

அடுத்த முறை கோடையில் ஒரு கறுப்பு ஏயோனியம் இலை உதிர்த்து நின்றால், தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிடுங்கள். கேனரி தீவுகளில் இப்போது மழை இல்லை என்பது அதற்குத் தெரியும். குளிர் வந்ததும் விழித்துக்கொள்ளும். விழித்ததும் ஒரு கிளையை வெட்டி நண்பருக்குக் கொடுங்கள்.